நிற்பதற்கு ஒரு கடிதம்

அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியர், சீனர், மின்விசிறிக்கு நேர் கீழே. வகுப்பு டீச்சர், அவரும் சீனர், மடியில் தடித்த கோப்பு. தமிழ் சார், மொழிபெயர்ப்பதற்காக வகுப்பிலிருந்து கூப்பிடப்பட்டவர். என் கணவர், பஸ் ஓட்டும் சீருடையில். நான், பிஸ்கட் தொழிற்சாலைச் சீருடையில். என் மகள், வயது ஒன்பது, நாற்காலிக்குக் கீழே.

அவளுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். பிறகு அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுனில் வீடு, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பள்ளி. மூன்றாம் வகுப்பு. அந்த வருடக் கடைசிப் பரீட்சையை வைத்துத்தான் பிள்ளைகளைத் தரம் பிரிப்பார்கள். நான் படித்தது மூன்று வகுப்பு, அதுவும் மழை இல்லாத நாட்களில்.

டீச்சர் கோப்பைத் திறந்து படித்தார். தமிழ் சார் எங்களுக்குச் சொன்னார். ஒரே பென்சிலைக் காலையில் பதினெட்டு முறை சீவினாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள். கேட்ட கேள்விக்கு ஜன்னலுக்குப் போனாள். பக்கத்துப் பிள்ளையின் அழிப்பானில் பாதியைத் தின்றாள். பையை மறந்துவிட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தலையணைக்கு என் கணவர் சிரித்துவிட்டார். அவர் காலை மிதித்தேன்.

தலைமையாசிரியர் ஒரு தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். மந்தமான பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறது, அங்கே மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்து வேண்டும். என் கணவர் டை கட்டியவர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர். பேனாவை எடுத்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சார், இவ மந்தம் இல்ல. ஏழெட்டு எத்தனைன்னு கேளுங்க" என்றேன் தமிழ் சாரிடம்.

நாற்காலிக்கு அடியிலிருந்து, "ஃபிஃப்டி சிக்ஸ்" என்று வந்தது. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். அறிவு பற்றிப் பேச்சில்லையாம். நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்காருகிறார்கள், இவள் ஒருத்தி உட்காருவதில்லை, அவ்வளவுதானாம். கடைசியில் டாக்டரிடம் காட்டி ஒரு கடிதம் கொண்டுவரச் சொன்னார். அதுவரை தாள் அவர் இழுப்பறையில் இருக்கும்.

அரசாங்க கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் என் மகள் எடை பார்க்கும் இயந்திரத்தில் அங்கிருந்த எல்லாரையும் ஏற்றி இறக்கிவிட்டாள். ஒரு குண்டான மலாய்க்காரம்மா மட்டும் மறுத்துவிட்டார்.

டாக்டர் இளவயதுச் சீனப் பெண். என்னோடு மலாயில் பேசினார். சந்தை மலாய் எனக்கு வரும். வீட்டில் எப்படி, தூக்கம் எப்படி, பிரசவம் எப்படி என்று எல்லாம் கேட்டார். பிறகு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னார். ஹைப்பர் ஆக்டிவ் என்பது மட்டும் என் காதில் நின்றது. அடித்தால் போகாது என்றார். இத்தனை நாள் அடித்த கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

"மருந்து இருக்குதா?" என்றார் என் கணவர்.

இருக்கிறது, முதலில் மருந்து இல்லாமல் பார்ப்போம் என்றார் டாக்டர். எங்கேயாவது இவள் அடங்கி இருப்பதுண்டா என்று கேட்டார்.

"தூங்கும்போது" என்றேன்.

"பூசையில" என்றார் என் கணவர்.

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். யோசித்தால், பொய் இல்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறித் தேக்கா பக்கம் உள்ள மாதா கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவோம். ஒரு மணி நேரப் பூசை. அங்கே அவளைப் பற்றி யாரும் கோப்பு எழுதியதில்லை.

"ஏன்னு பாத்துட்டு வாங்க" என்று டாக்டர் மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுப்பாடம் எனக்கு.

"கர்த்தருடைய கிருபை. இதுல பாக்க என்ன இருக்கு?" என்றார் என் கணவர் பஸ்ஸில்.

"கிருபைன்னா திங்கக்கிழமையும் இருக்கணும்ல" என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் ஜெபிக்கவில்லை. மகளைப் பார்த்தேன். பாட்டுக்கு எழுந்தோம். வாசகத்துக்கு உட்கார்ந்தோம். சுவிசேஷத்துக்கு எழுந்தோம். விரலை மடக்கிக்கொண்டே வந்தேன்.

"என்னடி எண்ணுற, ஜெபமாலையா?" என்றார் என் கணவர்.

"சும்மா இருங்க."

பிரசங்கம் தொடங்கியது. எங்கள் சாமியாருக்குத் தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. பத்து நிமிடத்தில் என் மகள் பெஞ்சுக்கு அடியில் இறங்கிவிட்டாள். பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது முன் வரிசையில் இரண்டு அங்கிள்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள். ஒருவர் ஷூ கயிறு மற்றவர் ஷூ கயிற்றோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. நல்ல முடிச்சு.

அதன் பிறகு பூசை முடியும்வரை ஒரு குறும்பும் இல்லை. எழு, உட்கார், முட்டி போடு, எழு, வரிசையில் நடந்து போய்ச் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கு, திரும்பி வா, முட்டி போடு. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இருப்பு கிடையாது. அவளோடு சேர்ந்து ஊரே எழுந்து உட்காரும்போது அவள் எழுவது யார் கண்ணிலும் படவில்லை. கிருபை அவ்வளவுதான்.

டாக்டரிடம் சொன்னேன். ஷூ கயிற்றையும் சேர்த்துத்தான். சிரித்து முடித்துவிட்டுக் கடிதம் எழுதினார். இந்தப் பிள்ளை மந்தமில்லை. அடிக்கடி எழுந்து நிற்க, நடக்க விட வேண்டும். நின்றுகொண்டே எழுத விட வேண்டும். பரீட்சையிலும் அப்படியே.

கடிதத்தோடு மறுபடி அதே அறை. இந்தமுறை மகளைக் கூட்டிப் போகவில்லை.

தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். இந்தப் பள்ளியில் நிற்பது தண்டனை என்றார். ஆய்வாளர் வந்து தினமும் ஒரே பிள்ளை நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஒருத்திக்குச் சலுகை கொடுத்தால் நாற்பத்திரண்டும் நிற்காதா?

"சொல்லுங்க சார்" என்றேன் தமிழ் சாரிடம். "நான் பிஸ்கட் பெல்ட்டு முன்னால எட்டு மணி நேரம் நிக்கிறேன். அதுக்குத்தான் சம்பளம். தண்டனைன்னு யாரும் சொல்லல."

நான் சொன்னது இவ்வளவுதான். தமிழ் சார் இரண்டு நிமிடம் பேசினார். நடுவில் 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்று வந்தது. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

அதுவரை வாய் திறக்காத என் கணவர், "சார், நான் இருபது வருஷமா உக்காந்தே வேலை பாக்குறவன். எனக்கு மூலம்" என்றார்.

தமிழ் சார் அவரைப் பார்த்தார். "அண்ணே, இதையும் சொல்லணுமா?"

"சொல்லுங்க லா. உக்காந்தா எல்லாம் நல்லா வரும்னு நெனைக்கிறாரு பாருங்க."

தமிழ் சார் கூரையைப் பார்த்தபடி சொன்னார். தலைமையாசிரியர் முகத்தில் முதல் முறையாக ஒரு அசைவு. மெல்ல எழுந்தார். தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பிக் காட்டினார். அதில் நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தை.

அப்புறம் ஆண்கள் இருவரும் தைலம், பப்பாளி, சுடுதண்ணீர் என்று பேசினார்கள். தமிழ் சாருக்கு நல்ல வேலை. நான் பொறுத்திருந்தேன். முடிந்ததும் கடிதத்தை விரலால் தட்டினேன்.

ஒரு தவணை, வருடக் கடைசிப் பரீட்சை வரை, பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். பரீட்சையில் மூன்று பாடமும் சேர்த்து நூற்றைம்பது வாங்கினால் பள்ளியில் இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். சரி என்றேன்.

வகுப்பின் பின்சுவரோரம், துடைப்ப அலமாரிக்குப் பக்கத்தில், உயரமான மேசை ஒன்று போட்டார்கள். முதல் வாரமே அவள் அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டாள். கேண்டீனில் மீன் பொரிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு நாள் சம்பளம் போயிற்று. அந்த டீச்சர் லேசில் சிரிக்கிறவர் அல்ல, ஆனால் மூளைக்காரி. அடுத்த நாளிலிருந்து சாக்பீஸ் தீர்ந்தால் ஆபீசிலிருந்து எடுத்துவர என் மகளைத்தான் அனுப்பினார். ஒரு நடைக்கு ஒரே ஒரு சாக்பீஸ். ஆபீசில் இருந்தவர், பெட்டியோடு கொடுத்துவிடுகிறேன் என்றாராம். வேண்டாம் என்று டீச்சர் எழுதி அனுப்பினாராம்.

கீழ்மாடி அக்கா ஒரு நாள் லிஃப்டில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் புள்ள, ஒம் மவள தெனம் பின்னால நிக்க வச்சிருக்காங்களாமே. எம் மவன் சொன்னான். போயி ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"கேட்டேன்க்கா. கேட்டுத்தான் நிக்க வச்சேன்."

"நீயா?"

"டாக்டர் லெட்டர் குடுத்து."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவள் என்று அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொன்னாள். விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. காலை ஷிஃப்ட்.

பரீட்சை வகுப்பில் இல்லை, பெரிய மண்டபத்தில். மேற்பார்வைக்கு வேறு டீச்சர்கள். அவர்களுக்கு இவளைத் தெரியாது. கடிதத்தின் நகலைக் கொடுத்தனுப்பலாம் என்றார் என் கணவர். அவள் கையில் காகிதம் கொடுத்தால் பள்ளி போய்ச் சேருவதற்குள் அது கப்பலாகிவிடும். முதல் நாள் சாயங்காலம் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டேன். அவள் பினஃபோர் சீருடைப் பாவாடையின் உள்பக்கம், ஓரத்தில், நான்கு பக்கமும் தைத்தேன்.

"உக்காருன்னு யாராச்சும் சொன்னா என்ன செய்வ?"

"இதக் காட்டுவேன்."

"ஓடுவியா?"

"தெரியல ம்மா" என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். அதுவே எங்கள் கஷ்டம்.

மறுநாள் ஆங்கிலப் பரீட்சை. நான் பெல்ட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்று உடைந்த பிஸ்கட்டும் முழு பிஸ்கட்டும் ஒரே டின்னில் போயின. சூப்பர்வைசர் திட்டினார். என்ன திட்டினார் என்று ஞாபகமில்லை.

நடந்ததைத் தமிழ் சார்தான் பிறகு சொன்னார். மேற்பார்வை டீச்சர் உட்காரச் சொன்னார். இவள் நின்றாள். மறுபடி சொன்னார். இவள் பாவாடை ஓரத்தைத் தூக்கி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மண்டபமே சிரித்தது. அந்த டீச்சர் முதலில் கண்ணை மூடிக்கொண்டாராம். பிறகு குனிந்து முழுக் கடிதத்தையும் படித்தாராம். தலைமையாசிரியரைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவர் வந்து சரி என்று தலையாட்டியபோது பதினைந்து நிமிடம் போயிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எல்லாரும் உட்கார்ந்து எழுத, அவள் ஒருத்தி கடைசியில் நின்று எழுதினாள். இரண்டு முறை மேசையைச் சுற்றி வந்தாளாம். ஒரு முறை மேசைக்கு அடியில் போய்விட்டு அவளாகவே வெளியே வந்தாளாம்.

அடுத்த இரண்டு நாளும் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் மதிப்பெண் புத்தகம் வந்தது. மேலே எழுதியிருந்த ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் படிக்க வராது. எண்ணும் பாடத்தின் பெயரும் வரும். என் கணவர் அதைச் சமையலறை மேசையில் விரித்து வைத்தார். ஆங்கிலம் நாற்பத்தாறு. தமிழ் ஐம்பத்தொன்று. கணக்கு அறுபத்தெட்டு. அவர் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டினார். நான் விரலை விட்டுக் கூட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரே விடை வரும்வரை மறுபடி மறுபடி கூட்டினோம்.

நூற்று அறுபத்தைந்து. கேட்டதற்குப் பதினைந்து மேலே.