உணவுத் தாளின் பின்பக்கம்

நான்காக மடித்த ஒரு தாள் என் மேசை டிராயரில் இருக்கிறது. மடிப்புகள் நைந்துவிட்டதால் பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். வலது ஓரத்தில் சாம்பார்க் கறை. மேலே நடுவில், காந்தம் அழுத்தியிருந்த இடத்தில் வட்டமாகத் துரு. காலை, பகல், மாலை, இரவு என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை இட்லி, எத்தனை கரண்டி பருப்பு, எந்த டம்ளரால் எவ்வளவு மோர் என்று பென்சிலால் எழுதி, இரண்டு இடத்தில் அழித்துத் திருத்தியிருக்கும். அடியில் டயட்டீஷியன் மேடத்தின் பெயர், படிப்பு, பதிவு எண். இது என் அக்காவின் கணவர், என் அத்தானின் உணவுத் தாள். ஏழு மாதம் அது செகந்திராபாத் அல்வாலில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. அங்கிருந்து அதை எடுத்தவன் நான். பின்பக்கத்திலும் கொஞ்சம் எழுத்து உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு எழுத வராது.

அத்தான் திருமுல்கேரியில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. வேலை முடிந்த வண்டியைச் சோதித்து, ஓடலாம் என்று கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் வாஷரைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு, ‘சரிபார்த்தது’ என்று எழுதி, பார்த்தவர் பெயரையும் எழுதி ஒட்டுவார். இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீர் வடிகட்டி, ஸ்கூட்டர் டயர், எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. நாங்கள் ஒருமுறை அக்காவின் முறுக்கு டப்பாவில் ‘சரிபார்த்தது: அத்தான், பாதி காலி’ என்று சீட்டு ஒட்டி வைத்தோம். அவர் சிரிக்கவில்லை, தேதியை விட்டுவிட்டீர்கள் என்றார். யார் பார்த்தார்கள் என்று எழுதாவிட்டால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம் என்பது அவருடைய கட்சி. பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வருட செகந்திராபாத் வாசத்தில் நெல்லைத் தமிழுக்குள் தெலுங்கும் தக்கினி இந்தியும் தாராளமாகப் புழங்கும்.

சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது என்று தெரிந்ததும், கிட்னி டாக்டர் அவரை டயட்டீஷியனிடம் அனுப்பினார். நான்தான் காரில் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி சலவைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அறை. எதைச் சாப்பிட வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லத் தொடங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை கேள்விதான். ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொன்னார். பிரஷர் மாத்திரையின் பெயரை இரண்டு முறை படித்துக் குறித்துக்கொண்டார். மூன்று அளவு டம்ளர்களை எடுத்து வைத்து, வீட்டு டம்ளர் இதில் எது என்று கேட்டார். சாயங்காலம் என்ன குடிப்பீர்கள் என்றதும் அத்தான் முகம் மலர்ந்து, பஸ் ஸ்டாப் வண்டியில் தினமும் ஒரு இளநீர் என்றார். “நக்கோ அங்கிள். பில்குல் நக்கோ,” என்றார் மேடம். வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று. இளநீரில் பொட்டாசியம் அதிகம், தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, இந்த பிரஷர் மாத்திரையும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும் என்று பொறுமையாக விளக்கினார். சாப்பாட்டில் எதைப் புதிதாகச் சேர்த்தாலும் முதலில் என்னைக் கேளுங்கள் என்றார்.

அத்தானுக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் தாளின் அடியில் இருந்த எண். அது என்ன என்று கேட்டார். பட்டப்படிப்பு முடித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதிய பிறகு தருகிற பதிவு எண் என்றார் மேடம். நான் தப்பாகச் சொல்லிவிட்டால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்மேல் புகார் கொடுக்கலாம் அங்கிள் என்று சிரித்தார். இப்படித்தான் இருக்கணும் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார் அத்தான். அன்றைக்கே தாள் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போனது. பிடித்துக்கொள்ள, தக்காளி வடிவத்தில் ஒரு காந்தம். மேடம் தக்காளியைக் குறைக்கச் சொல்லியிருந்ததால், நமக்கு அனுமதித்த தக்காளி இது ஒன்றுதான் என்பார்.

ஏழு மாதம் அந்தத் தாளின்படி நடந்தது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் மெல்லிசாக நறுக்கி, பொட்டாசியம் இறங்க நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். ருசி பூராவும் சாக்கடைக்குப் போகிறது என்று அக்கா புலம்புவாள். எனக்கும் அதைப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனால் சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறவில்லை. இறங்கவும் இல்லை, நின்றது. நின்றதே பெரிது, இப்படியே போனால் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். அத்தான் இளநீர் வண்டியைத் தாண்டும்போதெல்லாம் வண்டிக்காரருக்குக் கையாட்டி, தானே முந்திக்கொண்டு “நக்கோ” என்பார். மேடத்திடம் கேட்க வேண்டிய சந்தேகங்களைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த முறை போகும்போது ஒவ்வொன்றாகக் கேட்டு அழித்துவிட்டு வருவார்.

இனி என் கதை. ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். சான்றிதழ் சரிபார்ப்பதுதான் என் வேலை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக ஒரு பெண்ணை மூன்று வாரம் அலையவிட்டவன் நான். அந்தச் சமயத்தில் ஊழியர் நலம் என்று மேலிடத்தில் ஒரு ஆர்வம் கிளம்பியது. ஊட்டச்சத்து ஆலோசகர் என்று ஒருவரை அழைத்தோம். கோயம்புத்தூர்க்காரர், கட்டான உடம்பு, கேட்பவர் மயங்கும் பேச்சு. ஒரு மணி நேரம் பேசினார். கூட்டம் கலைய மாட்டேன் என்றது. ஆறு மாதத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று சிபாரிசு எழுதியவன் நான்தான். அவர் ஊழியராக வரவில்லை, சேவை தருபவராக வந்தார். கேன்டீன்காரர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மாதிரி அவருடைய தாள்களும் கொள்முதல் பிரிவு வழியாகப் போயின. வரி எண், வங்கி விவரம், அவ்வளவுதான். எங்கே என்ன படித்தார் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்னபடி சாப்பிட்டு எட்டுக் கிலோ குறைத்திருந்தேன். மூட்டு வலி போயிருந்தது. அதற்கு மேல் என்ன சான்று என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது, அத்தான் அந்தச் சாரமற்ற உருளைக்கிழங்கை மோரைத் தொட்டு விழுங்குவதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அன்றே ஆலோசகரின் படிவத்தை என் போனில் அவருக்காக நிரப்பினேன். நோய் என்ற இடத்தில் ‘பிரஷர், கிரியாட்டினின் கொஞ்சம் அதிகம்’ என்று எழுதினேன். ரத்தப் பரிசோதனையை அவர் கேட்கவில்லை, மாத்திரையையும் கேட்கவில்லை. கவலை வேண்டாம் சார், உடம்பைச் சுத்தம் செய்துவிடலாம் என்று பதில் வந்தது. பின்னாலேயே வண்ண வண்ணமாக ஒரு பட்டியல். காலையில் கீரைச் சாறு, சாயங்காலம் இளநீர், சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பு. இளநீருக்கு மேடம் நக்கோ சொன்னது நினைவுக்கு வந்தது, என்னை எட்டுக் கிலோ குறைக்க வைத்தவருக்குத் தெரியாததா என்று தள்ளிவிட்டேன். அடுத்த வாரமே அந்த உப்புப் பாக்கெட்டை நானே வாங்கிக்கொண்டு போனேன். சோடியத்தைக் குறைக்க அதில் சேர்த்திருப்பது பொட்டாசியம் என்று பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. பழைய தாளை எடுத்துவிட்டு, வண்ணப் பட்டியலைத் தக்காளிக்குக் கீழே மாட்டினேன். அத்தான் என் கையிலிருந்து பழைய தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இவரு எங்க படிச்சிருக்காரு மாப்ள? கீழ நம்பர் ஒண்ணும் காணலியே,” என்றார். மனைவியின் தம்பியான என்னை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

“நான்தான் அத்தான் ஆபீசுக்கு எடுத்தேன். பாக்காமலா எடுப்பேன்?”

“நீ பாத்துட்டேல்லா? அப்ப சரி.”

இந்த மூன்று வரிகளை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்பது அந்த நிமிடம் என் நினைவிலேயே இல்லை. வேலையில் ஊறிய மிதப்பு, நான் எடுத்த ஆள் சரியாகத்தான் இருப்பார் என்ற நினைப்பு, அதுதான் பதில் சொன்னது. வேறு யார் கேட்டிருந்தாலும் அந்தப் பதில் காற்றோடு போயிருக்கும். கேட்டவர் அத்தான். பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால் பார்த்திருப்பான் என்று நம்பியே வாழ்ந்த மனிதர்.

முதல் இரண்டு வாரம் வீடே மகிழ்ச்சியாக இருந்தது. காய்க்கு ருசி திரும்பிவிட்டது என்றாள் அக்கா. இளநீர் வண்டிக்காரர் முதல் நாள் காசு வாங்க மறுத்துவிட்டாராம். மூன்றாவது வாரம் மேடத்தைப் பார்க்கும் முறை வந்தது. எனக்கு அந்த வாரம் கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுக்கும் வேலை. அடுத்த மாதம் போகலாம் அத்தான், இப்போதுதான் ஒருவர் கவனிக்கிறாரே என்று போனில் சொன்னேன். காலில் தெம்பே இல்லை, மாடிப்படி ஏற முடியவில்லை என்று அவர் சொன்னார். உடம்பு சுத்தமாகும்போது அப்படித்தான் இருக்கும் என்று ஆலோசகர் எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன். நான்கு நாள் கழித்து, காலையில் குளித்துவிட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததும் உடனே டயாலிசிஸ் போட்டார்கள். மேடம் அடித்தளத்திலிருந்து ஏறி வந்தார். அவசரப் பிரிவு வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டில் என்ன மாறியது என்று ஒன்றொன்றாகக் கேட்டார். உப்பு என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, யார் சொன்னது என்றார். தம்பி ஆபீசில் ஒருவர், நன்றாகப் படித்தவர், தம்பி பார்த்து எடுத்தவர் என்றாள் அக்கா. மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் அத்தானின் இதயம் நின்றது. இரண்டு முறை நின்று திரும்பியது என்றார்கள், மூன்றாவது முறை திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு ஆலோசகரிடம் அவருடைய சான்றிதழைக் கேட்டேன். தயங்காமல் அனுப்பினார். ஆறு வார இணையவழிப் பயிற்சி. அழகான எழுத்து, தங்க நிற ஓரம். போனில் அழுதார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாதவர். அவர்மேல் எங்கே புகார் கொடுப்பது என்று தேடினேன். எண் இல்லாத ஆள்மேல் புகார் கொடுக்க இடமும் இல்லை. மேடம் சிரித்துக்கொண்டே சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது எங்கள் ஆபீசில் உடல்நலம் பற்றிப் பேச யார் வந்தாலும் பட்டமும் பதிவு எண்ணும் கேட்டு, பதிவேட்டில் நானே தேடிப் பார்க்கிறேன். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவா என்று இளைஞர்கள் என் முதுகுக்குப் பின்னால் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். வரவேண்டிய புத்தி ஒரு மனிதரைத் தின்றுவிட்டுத்தான் எனக்கு வந்தது.

போன மாதம் அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அதே மேடத்திடம் கூட்டிப் போனேன். அவர் பழையதைப் பேசவில்லை. டம்ளர்களை எடுத்து வைத்துக் கேள்விகளைத் தொடங்கினார். வீட்டுக்கு வந்ததும் அக்கா புதுத் தாளைத் தக்காளிக் காந்தத்தின் கீழ் மாட்டினாள். கீழே எண் இருக்கிறது, படித்துப் பார் என்றேன். “நீ பாத்திருப்பேல்லா தம்பி, எனக்கு அது போதும்,” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அவசரப் பிரிவு வாசலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்று சொல்லாததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. புதுத் தாளை மாட்டிய அன்றும் சொல்லாமல்தான் கிளம்பி வந்தேன்.

வந்ததும் டிராயரைத் திறந்து பழைய தாளை எடுத்தேன். பென்ஷன் காகிதங்களைத் தேடும்போது அத்தானின் டைரிக்குள் கிடைத்தது அது. பின்பக்கத்தில், நான் தள்ளிப்போட்ட அந்த முறை மேடத்தைப் பார்க்கப் போவதற்கென்று மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார். ஒன்று, பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் சாப்பிடலாமா. இரண்டு, உப்பை மாற்றியிருக்கிறோம், சரியா. மூன்று, இளநீர் முன்பு கூடாது என்றீர்கள், இப்போது எப்படி. முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. மற்ற இரண்டையும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு, பக்கத்தில் அவருடைய குண்டு எழுத்தில், தேதியோடு எழுதியிருக்கிறார்: ‘மேடத்திடம் கேட்க வேண்டியதில்லை. சரிபார்த்தது: மாப்பிள்ளை.’