பச்சை ஒயர் இல்லாத படம்

கெலுகோரில் இருக்கும் இன்னொரு வயர்மேனுக்கு என்மேல் பொறாமை என்றுதான் முதலில் நம்பினேன். லேசுப்பட்ட நம்பிக்கை இல்லை. வேன் கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்கும் அளவுக்கு நம்பினேன். ஐம்பத்து இரண்டு வயதுக்காரன், அதுவும் கரண்டோடு பிழைக்கிறவன், கண்ணேறுக்குப் பயந்தேன்.

பொறாமைப்பட என்னிடம் இருந்தவை என் படங்கள்தான். பினாங்கில் பிளக் மாட்டத் தெரிந்தவனெல்லாம் வயர்மேன். அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் தலை தெரியட்டும் என்று, முடித்த வேலைகளைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட ஆரம்பித்தேன். இடது பக்கம் கருகிய பெட்டி, வலது பக்கம் நான் சரிசெய்த பெட்டி. ஜனங்களுக்குக் கரண்டு புரியாது, வரிசை புரியும். ஒயர்கள் பள்ளிக்கூட அசெம்பிளிப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றால் போன் வரும். வந்தது. கடல்பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்தும் வந்தது.

கூப்பிட்ட பெண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். வீட்டில் தனியாக இருக்கிறார். மெயின் பெட்டியில் ஒரு பிரேக்கர் கருகிவிட்டது, குளியலறைக்குப் புதிதாக வாட்டர் ஹீட்டரும் மாட்டவேண்டும். "உங்க படத்தப் பாத்துட்டுத்தான் கூப்பிடுறேன் அண்ணே. நீட்டா இருக்குலா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பாலத்தை நடந்தே கடந்திருப்பேன்.

வேலை முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியை அலங்கரித்தேன். மனைவியின் பேபி ஆயில் பாட்டில் ஒன்று என் டூல்ஸ் பையில் எப்போதும் இருக்கும். பிரேக்கர்களைத் துடைத்தேன். கசிவு ஏற்பட்டால் தானாக விழவேண்டிய டிரிப் சுவிட்ச் அந்த வீட்டில் பழையது. அதையும் துடைத்தேன், அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்தது போல் மின்னியது. பதினோரு படம் எடுத்தேன். கடைசிப் படத்துக்கு மண்டியிட்டேன்.

"அண்ணே, பெட்டிக்குக் கல்யாணமா?" என்று கேட்டார் அந்தத் தங்கச்சி, கையால் விசிறிக்கொண்டே. "ஃபேன் இல்லாம அவிஞ்சு போறேன்லா."

சிரித்துக்கொண்டே மூடியை மாட்டிவிட்டு வந்தேன்.

புது ஹீட்டர் வேலை என்று எழுதிப் போட்ட அந்தப் படம் ஓடு ஓடு என்று ஓடியது. ஐந்தாம் நாள் காலை, நானும் மனைவியும் ஒரு கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். படத்துக்குக் கீழே கெலுகோர்க்காரன் எழுதியிருந்தான்: 'அண்ணே, ஹீட்டருக்குப் பச்சை ஒயர் எங்கே?'

"பாத்தியா, வயிறு எரியுது அவனுக்கு" என்று மனைவியிடம் காட்டி, அதை அழித்தேன். ரொட்டி சானாயைப் பிய்ப்பதற்குள் அவனே போன் அடித்தான்.

"அழிச்சிட்டீங்களா அண்ணே. பரவால்ல. படத்தப் பெருசு பண்ணி ஒருக்கா பாருங்க."

"உனக்கு வேற வேல இல்லையாடா?"

"வேல இருக்கு அண்ணே. நான் எல்லா ஒயரையும் மாட்டுறேன்ல, அதான் லேட்டாகுது."

வைத்துவிட்டான். நான் படத்தைப் பெரிதாக்கினேன். பச்சை ஒயர்கள் வந்து சேரும் பட்டையில் ஒரு திருகு வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் என் விரல்களுக்கு ஞாபகம் வந்தது. ஹீட்டரின் பச்சை ஒயர் மற்றவற்றின் குறுக்கே சாய்ந்து போய் வரிசையைக் கெடுத்தது. படத்துக்காக அதைக் கழற்றிப் பின்னால் சொருகினேன். ஒரு நிமிஷம்தான், படம் எடுத்ததும் மாட்டிவிடலாம் என்று. மாட்டியது ஞாபகத்தில் இல்லை.

அந்த ஒயர் இல்லாமலும் தண்ணீர் சுடும், விளக்கு எரியும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஹீட்டருக்குள் என்றைக்காவது கரண்டு கசிந்தால் அது மண்ணுக்குப் போகும் வழிதான் பச்சை ஒயர். அந்த வழி இல்லையென்றால், ஈரத்தரையில் நிற்கும் ஆள்தான் வழி.

போன் அடித்தேன். அணைந்திருந்தது. குளிக்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே ஒரு சாம்பல் டிக். அது இரண்டாகவில்லை.

வேனை மனைவி ஓட்டினாள். நான் போனை விடாததால் சாவியை அவளே பிடுங்கிக்கொண்டாள். பாலத்தில் வண்டி ஜேம். மலைப்பக்கம் மேகம் இறங்கி, கடல் ஈயத் தகடு போலக் கிடந்தது. பத்தாவது தடவையாகப் போன் அடித்தேன்.

"டிரிப் சுவிட்ச் இருக்குதானே?" என்றாள் அவள். இத்தனை வருஷம் என்னோடு இருந்து அரை வயர்மேன் ஆகிவிட்டவள். "ஒயரு இல்லாட்டியும் அது விழுந்துரும்னு நீங்கதான சொல்வீங்க?"

"விழும்."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்கதான?"

அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அழுத்தினால் சுவிட்ச் விழவேண்டும். எந்த வேலை முடிந்தாலும் அழுத்திப் பார்ப்பேன். அன்று எந்தக் கோணத்தில் டார்ச்சைப் பிடித்தேன் என்பதுவரை நினைவிருந்தது. பொத்தானை அழுத்திய நினைவு இல்லை.

"தொடச்சேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்குத்தான் என் எண்ணெய் குறையுதா?" என்றாள். அதற்குப்பின் சுங்கை பாக்காப் வரை ஹார்னை அழுத்திக்கொண்டே ஓட்டினாள். நான் பேசினேன். முருகனிடம், ஹீட்டர் கம்பெனிக்காரனிடம், வராத இரண்டாவது டிக்கிடம். தைப்பூசத்துக்கு மொட்டை போடுவதாக ஒரு கட்டத்தில் ஒப்புக்கொண்டேன். என் தலையில் மழிக்க அதிகம் இல்லை என்பது முருகனுக்கும் தெரியும்.

வீட்டு கேட் திறந்தே கிடந்தது. மோட்டார் சைக்கிள் நின்றது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு, ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கவாட்டுச் சந்தில் குளியலறை ஜன்னல். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். ஆள் நகரும்போது அந்தச் சத்தம் கொஞ்சமாவது மாறும். இது மாறவே இல்லை. ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, எதையும் தொடாதீங்க" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வெளியே வந்து, பெண்ணின் குளியலறை ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துகிற ஆளைப் பார்த்தார். என் மனைவி என்னை ஒதுக்கிவிட்டுச் சுவரைத் தட்டினாள். "தங்கச்சி, நான் வயர்மேன் சம்சாரம். சத்தம் குடும்மா."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சாக்கடை ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

பின்புறக் கதவு திறந்தது. வேலைச் சட்டையோடு, கையில் துவைக்கவேண்டிய துணியோடு நின்றார் அவர். "தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல, வாளி நெறையட்டும்னு பைப்ப தொறந்து வச்சேன். ஓவர்டைம் முடிஞ்சு இப்பத்தான் வந்தேன், போன்ல பேட்டரி இல்ல. ஏன் அண்ணே சாக்கடைல உட்கார்ந்திருக்கீங்க? எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"ஒரு ஒயர" என்றாள் என் மனைவி.

மெயினை அணைத்து மூடியைக் கழற்றினேன். நான் சொருகிய இடத்திலேயே, சொருகிய வளைவோடு இருந்தது பச்சை ஒயர். பட்டையில் வைத்து முறுக்கினேன். மெயினைப் போட்டு, டிரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். சுவிட்ச் விழவில்லை.

அன்றே புது டிரிப் சுவிட்ச் மாட்டினேன். ஹீட்டரில் கசிவு எதுவும் இல்லை. அதற்கு முந்தைய நான்கு நாளும், வேலைக்குப் போகும்முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை என்று அவர் அதில்தான் குளித்திருந்தார்.