நேர்கோட்டின் வலது கண்

என் அக்கா வீட்டுக்காரர் வெல்டர். பட்டறையில் 'நேர்கோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பற்ற வைத்த இரும்பில் இணைப்பு எங்கே என்று தேட வேண்டும். பிடிவாதமும் அப்படித்தான், லேசில் வளையாது.

வெல்டர்களுக்குக் கண் சிவப்பது சாதாரணம். முகமூடி போடாமல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் மண்ணை அள்ளிக் கொட்டியது போல் உறுத்தும். ஈரத்துணியைப் போட்டு இருட்டில் படுத்தால் தானாகச் சரியாகிவிடும். இரும்புத் தூள் தெறித்து வலது கண் சிவந்தபோதும் மனிதர் அதையேதான் செய்தார். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்த பிறகுதான் அக்காவும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

"கிருமி புகுந்து புண்ணாகியிருக்கு. இன்னும் மேலாகத்தான் இருக்கு, ஆழத்துக்குப் போகலை," என்றார் கண் டாக்டரம்மா. "சொட்டு மருந்து ஒரு பக்கம் போகட்டும். வைட்டமின் மருந்து ஒண்ணை விட்டு, அதுமேல புற ஊதா வெளிச்சத்தைக் காட்டுவோம். கிருமி சாகும்."

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. "வெல்டிங்ல வருதே, அதுதானே?"

"அந்த வகைதான். ஆனா இது அளவா வைக்கிறது."

"அதுக்குப் பயந்துதாம்மா இத்தனை வருஷமா முகமூடியே போட்டேன். சொட்டு மருந்து மட்டும் குடுங்க."

எழுந்துவிட்டார். அக்கா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தார். டாக்டரம்மா வாசல்வரை வந்து சொல்லிப் பார்த்தார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்திருப்பேன். அவர் உடம்புக்கு அது நடக்கிற காரியமா?

சொட்டு மருந்து மட்டும் போதவில்லை. வலி தாங்காமல் அவரே திரும்பிப் போனார். "அந்த லைட்டையே வச்சிடுங்கம்மா."

டாக்டரம்மா கருவியை வைத்துக் கண்ணைப் பார்த்தார். "புண்ணு ஆழத்துக்குப் போயிடுச்சுங்க. அந்த வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது."

பிறகு வேறு கருவிழி வைத்துத் தைத்தார்கள். கண் தப்பியது, பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அதற்குத் தெரியும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் வெல்டிங் குச்சி விலகி விலகி விழ, நேர்கோடு இப்போது மற்றவர்கள் அடித்த கேட்டுகளுக்குப் பெயின்ட் பூசுகிறார். பட்டறையில் யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், தூரிகையைப் போட்டுவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறார்.

நேற்று அக்கா டீ வைத்தாள். மாமா நீட்டிய கை டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. அவள் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கே உங்க கையைப் பிடிச்சு உட்கார வச்சிருக்கணும் நான்."

"நீ பிடிச்சே," என்றார் மாமா. "நான்தான் உதறினேன்."