ஆஞ்சலா மிஸ் போட்ட தப்புகள்

கேரலும் அவள் அம்மா ஆஞ்சலாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடைசியாகச் செய்த வேலை, பைதான் சான்றிதழ்த் தேர்வுக்கு ஒரு பயிற்சி மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. லிங்கராஜபுரம் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்கள். மறுநாள் கேரலுக்குப் புனேயில் புது ப்ராஜெக்ட்.

தேர்வு எழுதப் போவது அம்மாதான். கல்யாணமான வருடத்திலிருந்து அதே பேட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க். வகுப்பறைக்குள் போவது சர்க்குலர் வாசிக்க மட்டும். டீச்சர்களைப் பிள்ளைகள் ‘மிஸ்’ என்றார்கள். அவரை ‘ஆன்ட்டி’ என்றார்கள். கணக்கில் பட்டம் வாங்கியவருக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டுப் போனதும் பிரின்சிபால் சொன்னார்: சான்றிதழ் வாங்கி வாருங்கள், ஜூனிலிருந்து ஆறாம் வகுப்பு உங்களுக்கு.

கேரல் சாஃப்ட்வேர் டெஸ்டர். மூன்று மென்பொருள்களின் இலவச மாதிரியை இறக்கி வைத்திருந்தாள். முதலாவதை மெச்சினாள். கேள்விகள் ஏராளம், கடிகாரம் ஓடும், அசல் தேர்வு போலவே இருக்கும்.

ஆஞ்சலா கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் கேள்வியைப் படித்தார். தெரிந்த கேள்வி. வேண்டுமென்றே தப்பான விடையை அழுத்தினார்.

“மம்மி! என்ன பண்றீங்க?”

“இரு டீ. தப்புக்கு என்ன சொல்லுதுன்னு பாக்கறேன்.”

“தவறு. விடை இ” என்றது திரை. அவ்வளவுதான். இரண்டாவது மென்பொருளிலும் தப்பாகவே போட்டார். அது ரம்மி விளம்பரம் காட்டியது. பார்க்கச் சப்பென்று இருந்த மூன்றாவது இப்படிச் சொன்னது: “பட்டியலின் வரிசை எண் 1-இல் தொடங்கும் என்று நினைத்திருப்பீர்கள். பைதான் பூஜ்யத்திலிருந்து எண்ணும்.”

“இதான் வேணும். ஏன் தப்பாப் போட்டேன்னு இதுக்குத் தெரியுது. தப்பு தப்புன்னு சொல்லிட்டே இருக்க உங்க டாடி இருக்காரே, பத்தாதா?”

“காதுல விழுது” என்றது அடுத்த அறை.

“விழணும்னுதான் சொன்னேன்!”

கேரலுக்கு அந்த மென்பொருளின் தோற்றமே பிடிக்கவில்லை. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டாள். பிரியாணி லேசாக அடிபிடித்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஃபோனில்தான். தேர்வுக்கு முந்தின வாரம் கேரல் புனேயிலிருந்து அம்மாவின் கணக்குக்குள் நுழைந்து பார்த்துத் திடுக்கிட்டாள். தயார்நிலையைக் காட்டும் மீட்டரில் சிவப்பு முள் தரையோடு கிடந்தது: “நீங்கள் இன்னும் தேர்வுக்குத் தயாராகவில்லை.”

“மம்மி, தேதிய தள்ளிப் போடலாம். எல்லாம் சிவப்பா இருக்கு.”

ஆஞ்சலா விழுந்து விழுந்து சிரித்தார். “சிவப்பா இருக்காதா? ஒவ்வொரு கேள்வியிலயும் தப்பான மூணையும் மொதல்ல அழுத்திப் படிச்சிட்டுத்தான் சரியானதுக்கு வரேன். அந்த மெஷினுக்கு அது தெரியாது.”

“ஐயோ, அது எல்லாத்தையும் எண்ணும்!”

“எண்ணட்டும். இர்லி, இருக்கட்டும் விடு. நாளைக்கு ஒரு புள்ள அந்தத் தப்பப் போட்டா, ஏன் போட்டான்னு எனக்குத் தெரியணுமில்ல?”

தேர்வில் தேறினார். ஜூனில் ஆறாம் வகுப்புக்குள் போனார். முதல் நாள் ஒரு பெண் பழக்கத்தில் “ஆன்ட்டி” என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு “மிஸ்” என்றதை அன்று மாலையே ஃபோனில் மூன்று முறை சொன்னார். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி உஷாகூட, தர்மபுரிக்காரி, ‘ஆஞ்சலாக்கா’வை விட்டுவிட்டு ‘மிஸ்’ என்று கூப்பிடத் தொடங்கினாள். கிண்டலாகத்தான் தொடங்கினாள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. இடையில் கேரல் ஒருமுறை வந்தாள், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. வீடு நிறைய ஆட்கள். சேர்ந்து உட்கார முடியவில்லை.

நவம்பரில் ஆஞ்சலா வகுப்பு முடித்துப் படியிறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேரல் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கல்லறைக்கு ஆறாம் வகுப்பு முழுக்க வந்திருந்தது.

அடுத்த வாரம் உஷா வந்தாள். டாடிக்கு இட்லி வைத்துக் கொடுத்தாள். போகும்போது தயங்கினாள். “கேரல், தப்பா நெனைக்காத. நானும் அந்தப் பரீட்சை எழுதணும், சாஃப்ட்வேர எனக்குத் தரேன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. நான் போட்டதெல்லாம் அழிச்சிட்டுத் தரேன், இல்லன்னா அது உன்னையும் தயாரில்லன்னு பயமுறுத்தும்னாங்க. அழிக்கத்தான் நேரமே கெடைக்கல அவங்களுக்கு. எனக்கு அவசரமில்ல.”

“தரேன்க்கா” என்றாள் கேரல்.

லேப்டாப்பைத் திறந்தாள். கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். அதற்கு முன் பழைய விடைகளை அழிக்க வேண்டும். பொத்தான் ஒன்றுதான். மேலே “வருக, ஆஞ்சலா” என்றிருந்தது. கீழே சிவப்பு முள், தரையோடு. “நீங்கள் இன்னும் தயாராகவில்லை.”

கேரல் ஒரு கேள்வியைத் திறந்து, அம்மா அழுத்தியிருந்த தப்பான மூன்றையும் படித்தாள். பிறகு அடுத்ததை. மூன்றாவதில் ஒரு விளக்கத்தைப் படித்ததும் சிரிப்பே வந்தது. அவளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அடுத்த அறையிலிருந்து டாடி கேட்டார், “உஷாவுக்குக் குடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல டாடி.”