கடிக்காத நாய்க்குத் தடை

வடக்கனந்தலுக்கு மேற்கே மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், தன் கொல்லைக்காட்டிலேயே தனியாகக் குடியிருந்தாள் பெரியநாயகி. துணைக்கு ஒரு கோம்பை நாய். பகலில் சங்கிலியில் கட்டி, வருஷம் தவறாமல் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு, ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தாள்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம் அது. சந்தையில் ஒரு தெருநாய் இரண்டு பேரைக் கடித்துவிட்டது. உடனே பஞ்சாயத்தார் மூளையைக் கசக்கி, ஊருக்குள் கோம்பை நாய் வளர்க்கக் கூடாதென்று தீர்மானம் போட்டார்கள். அது வேட்டைச் சாதியாம், ஆபத்தாம்.

காகிதத்தோடு குமாஸ்தா வந்தார்.

"கடிச்ச நாயி சந்தையில படுத்துக்கினு கீது. அத்த வுட்டுட்டு இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றாள்.

"அது கோம்பை இல்லம்மா. தீர்மானத்துல வராது."

"அப்போ கடிச்சா தப்பில்ல, கோம்பையா பொறந்தாதான் தப்பு. நல்லா கீதுங்க உங்க சட்டம்!"

குமாஸ்தா கையெழுத்து வாங்குவதிலேயே குறியாக இருந்தார்.

பஸ் ஓடவில்லை. களமருதூரில் இருந்த தங்கை வீட்டுக்கு நாயோடு இரண்டு நாள் நடந்தாள். மறியல் கூச்சலுக்கு நடுவிலும் அது யார்மேலும் பாயாமல் அவள் காலை ஒட்டியே வந்தது.

நாயை அங்கே விட்டுவிட்டுத் திரும்பத்தான் போனாள். மனசு வரவில்லை. கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தங்கையோடேயே தங்கிவிட்டாள்.

'ஆபத்து நீங்கியது' என்று பஞ்சாயத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்த வாரமே சந்தை நாய் மூன்றாவது ஆளைக் கடித்தது.