மிஸ் டோரதியோடு ஒரு மதியம்

இன்று முகநூலில் ஒரு படம் பார்த்தேன். கறுப்பின அமெரிக்கப் பெண் அதிகாரிகளுக்கான தலைமைத்துவப் பயிற்சியாம். அறை நிறையப் பெண்கள்.

உடனே மிஸ் டோரதி நினைவுக்கு வந்தார்.

அறுபதுகளில், சிங்கப்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் சூப்பர்வைசர் ஆன புதிது. கூடவே சாப்பிட்ட தோழிகள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் சிராங்கூன் ரோட்டுக் கடையில் தனியாகச் சாப்பிடத் தொடங்கினேன்.

ஒருநாள் கறுப்பினப் பெண்மணி ஒருவர் என் மேசைக்கு வந்து, "உட்காரலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்தான் டோரதி. அமெரிக்காவில் தம் இனப் பெண்களை மேல்பதவிகளுக்குத் தயார்செய்யும் வகுப்பு நடத்துகிறவர். ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்.

கடைக்காரர் காசிம் பாய், "என்னம்மா, இன்னைக்குக் கூட்டாளி கிடைச்சிருச்சா? நல்லது லா!" என்றார்.

நான் டோரதியிடம் கேட்டேன்: "பதவி வந்தப்புறம் யாருமே பேச மாட்டேங்கிறாங்களே, அதுக்கு உங்க வகுப்புல வழி சொல்லித் தருவீங்களா?"

"அது தெரிஞ்சா, முன்பின் தெரியாதவங்க மேசையில வந்து உட்காருவேனா?"

இருவரும் சிரித்தோம். மறுநாள் அவர் கப்பலேறிவிட்டார். ஓய்வு பெறும்வரை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

மேனேஜர் அம்மாக்களே, நீங்க மத்தியானம் யாரோட சாப்பிடுறீங்க?