வெட்டின துணியைத் திருப்பித் தருவதில்லை

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஊரார் மார்பளவெல்லாம் மனப்பாடம். அவள் அளவை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். தையல் மிஷினைக் கட்டிக்கொண்டு அழுகிற சகோதரிகளே, எனக்கு அந்தக் குறையும் தீர்ந்தது. புற்றுநோய்க் கட்டி என்று இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்புறம் எங்கள் ஊர் பருத்திப்பட்டு முழுக்க என் அளவுதான் பேச்சு.

திரும்பிப் போன பை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே குவார்ட்டர்ஸ் சரோஜாக்கா வந்துவிட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். தைக்கக் கொடுத்திருந்த பட்டுத்துணியைத் திரும்பக் கேட்டார். நான் வாயில்லாப்பூச்சி. தரையைப் பார்த்தபடியே எடுத்துக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"தப்பா எடுத்துக்காத கண்ணு. தையில எம்புள்ளைக்குக் கண்ணாலம். அதுவரைக்கும் நீ இருக்கோணுமல்லோ?"

பதினோரு ஜாக்கெட்

எடுத்த கட்டியில் ஒரு துண்டை இன்னொரு சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். உடம்பில் ஊறுகிற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இருந்தால் மாத்திரை கேட்கும், பிழைக்க வழி கூடும். இல்லாவிட்டால் அந்த மாத்திரையால் பயனில்லை. பதில் வர மூன்று வாரம்.

அதற்குள் இன்னும் இரண்டு பேர் துணியைக் கேட்டு ஆளனுப்பினார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஒருத்தி வெட்டின துணியை இன்னொரு டெய்லர் தொடமாட்டாள், உங்களுக்குத் தெரியாததா? மகள் தூங்கின நேரம் பார்த்து உட்கார்ந்தேன். இடது கை எழும்பவில்லை. துணி நகராமல் இஸ்திரிப் பெட்டியை முனையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பதினொன்றையும் ஒரே மத்தியானத்தில் வெட்டிப்போட்டேன். பக்கத்து வீட்டு முனியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது! எமன் வந்தாகூட, தெச்சு முட்சிட்டு வரேன், குந்துன்னு சொல்லுவ போலகீதே!"

பதில்

ரிசெப்டர் இருந்தது. தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம் என்றார் டாக்டரம்மா. யாரையும் எதிர்க்கேள்வி கேட்டறியாத நான் அன்று நிமிர்ந்து கேட்டேன், "எம் பொண்ணுக்கு மூணு வயசு. எத்தனை வருஷம் இருப்பேன் மேடம்?"

"மருந்து கேக்கிற வகைம்மா, நல்ல சேதிதான். ஆனா தேதி போட்டு யாராலயும் சொல்ல முடியாது."

அதே பட்டுத்துணி

மார்கழியில் சரோஜாக்கா அதே பையோடு வந்து நின்றார். கல்யாண சீசன், ஆவடி கடைத்தெருவில் எல்லா டெய்லரும் கைவிரித்துவிட்டார்களாம். துணியை உதறி விரித்து, அவர் கண்ணெதிரிலேயே கத்தரியை ஓட்டினேன். இனி எங்கே கொண்டுபோவார்?

"செரி கண்ணு, எந்தத் தேதிக்குக் குடுப்பே?"

டாக்டரம்மாவாலேயே தேதி சொல்ல முடியவில்லை, ஜாக்கெட் தைக்கிறவளிடம் மட்டும் எல்லாருக்கும் தேதி வேண்டுமாம்.